கூரை இல்லாத புத்தர்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் ஜப்பான் போய்வந்தோம். நாராவில் தோதாய்ஜி கோயிலின் புத்தரைப் பார்த்து வாயடைத்து நின்றோம். நீங்கள் அடிக்கடி எழுதும் காமகுராவின் பெரிய புத்தருக்கு அரை நாள்தான் கிடைத்தது. உள்ளதைச் சொன்னால் ஏமாற்றம்தான். சிலை சிறியது, கூட்டமோ பெரியது. பக்கத்தில் குடியிருந்த பாசத்தில் கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டீர்களோ?

எஸ்., சேலம்

அன்புள்ள எஸ்.,

பாசம்தான், மறுக்கவில்லை. மூன்று ஆண்டுகள் ஓஃபுனாவில் குடியிருந்தேன். அங்கிருந்து காமகுரா ரயிலில் இரண்டாவது நிலையம். ஓஃபுனா நடைமேடையில் நின்றாலே மரங்களுக்கு மேல் வெள்ளைக் கானன் தெரிவாள். கருணையின் போதிசத்துவரான அவலோகிதரின் பெண்வடிவம், 1929இல் தொடங்கி, இடையில் பல ஆண்டுகள் வேலை நின்று, 1960இல் முடிந்த மார்பளவுச் சிலை. வேலைக்குப் பிந்திப்போகும் காலைகளில் அவள் என்னை மட்டும் பார்ப்பதாகத் தோன்றும்.

உயரத்தில் நாராவே பெரியது. அங்கே ஏறத்தாழ 15 மீட்டர், இங்கே பீடம் நீங்கலாக 11.3. ஆனால் நாராவில் புத்தர் மண்டபத்துக்குள் இருக்கிறார். பாதி வேலையை இருட்டும் தூண்களும் செய்துவிடுகின்றன. 1252இல் வார்க்கத் தொடங்கிய காமகுரா புத்தருக்கும் ஒரு காலத்தில் மண்டபம் இருந்தது. 14ஆம் நூற்றாண்டுப் புயல்களிலும் 1498 நிலநடுக்கத்திலும் அது போனது. பிறகு யாரும் எழுப்பவில்லை. அடித்தளக் கற்கள் இன்னும் அவரைச் சுற்றிக் கிடக்கின்றன. நீங்கள் களைத்து உட்கார்ந்ததுகூட அவற்றில் ஒன்றாக இருக்கலாம்.

முதல் முறை நானும் உங்களைப் போலத்தான், படம் எடுத்துக்கொண்டு பசியோடு திரும்பினேன். பின்னொரு ஜனவரித் தூறலில் போனபோது ஆளே இல்லை. களிம்பேறிய பச்சை மார்பில் நீர் கோடு கோடாக வழிந்துகொண்டிருந்தது. குடையின் கீழ் நான், குடையில்லாமல் அவர். அன்றுதான் அவரைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

சிலைக்குள் போனீர்களா? நான் இருந்தபோது கட்டணம் 20 யென். வெளியே அத்தனை சாந்தமாகத் தெரிகிறவர் உள்ளே வார்ப்பு ஒட்டுகளாக இருக்கிறார். 1960களின் தொடக்கத்தில் கழுத்தை உள்ளிருந்து பலப்படுத்திய தடமும் தெரியும். முதுகில் இரண்டு ஜன்னல்கள் வேறு!

கூட்டத்துக்கு வழி, எட்டு மணிக்குக் கதவு திறக்கும்போதே நுழைவது. திரும்பும்போது கிட்டா-காமகுரா நிலையத்தில் இறங்கி எங்காகுஜிக்குப் போங்கள். மங்கோலியப் படையெடுப்பில் மடிந்த இரு தரப்பினருக்காகவும் அன்று ஜப்பானை ஆண்ட ஹோஜோ தொகிமுனே 1282இல் நிறுவிய ஜென் மடம் அது. கொல்ல வந்தவனுக்கும் சேர்த்து! அதன் குளத்துக்கும் வாயிலுக்கும் நடுவே ரயில் பாதையைப் போட்டிருக்கிறார்கள் என்பது தனிக் கதை.

இன்னொன்றையும் நீங்கள் கவனித்திருக்கமாட்டீர்கள். எனக்கே நாலாவது முறைதான் கண்ணில் பட்டது. பெரிய புத்தரின் வளாகத்தில் ஜே. ஆர். ஜெயவர்த்தனவுக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. 1951இல் சான் பிரான்சிஸ்கோ சமாதான மாநாட்டில், இலங்கையின் நிதியமைச்சராக, ஜப்பானிடம் போர் இழப்பீடு கேட்கப்போவதில்லை என்று அறிவித்தவர் அவர். பகை பகையால் தணியாது, அன்பால்தான் தணியும் என்ற புத்தரின் தம்மபத வாக்கை அப்போது மேற்கோள் காட்டினார். ஜப்பானியர் அதை மறக்கவில்லை. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது இலங்கையின் ஜனாதிபதியாக இருந்தவரும் அவரே.

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரை ஒருமுறை அங்கே அழைத்துப் போயிருந்தேன். கல்லைப் பற்றிச் சொல்வதா வேண்டாமா என்று நான் குழம்பிக்கொண்டிருக்கையில் அவரே அதன் முன் போய் நின்றுவிட்டார். நிதானமாக, இரண்டு தடவை படித்தார். பிறகு குடையை விரித்துக்கொண்டு, “அடுத்த ரயில் எத்தனை மணிக்கு?” என்று கேட்டார்.