பாதை முடியும் இடத்தில் ஒரு மணி நேரம் நில்லுங்கள்

கேள்வி: எங்கள் பகுதியில் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் போட்ட பசுமைப் பாதை ஒரு பெரிய சாலை வந்ததும் சட்டென்று முடிந்துவிடுகிறது. சாலைக்கு அந்தப் பக்கம் இன்னும் 3 கிலோமீட்டர் நீட்டிக்கப் போகிறார்களாம், கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு வரச் சொல்கிறார்கள். பொறியியல் தெரியாத நாங்கள் அங்கே போய் என்ன சொல்வது?

பதில்: வரைபடத்தில் இல்லாததைச் சொல்லுங்கள், அது உங்களுக்குத்தான் தெரியும். கூட்டத்துக்கு முன்னால் ஒரு மாலை, பாதை முடியும் இடத்தில் போய் ஒரு மணி நேரம் நில்லுங்கள். நான் அப்படி ஒரு இடத்தில் நின்றபோது பத்து வயதுக்குள் இருக்கும் ஒரு சிறுமி சைக்கிளிலிருந்து இறங்கி, முன்சக்கரத்தைத் தார் ரோட்டில் வைப்பதும் பின்னால் இழுப்பதுமாக மூன்று தடவை முயன்று பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனாள். அவளைப் பொறுத்தவரை பாதை அங்கேயே முடிந்தது, அந்தப் பக்கம் 3 கிலோமீட்டர் போட்டாலும் 30 கிலோமீட்டர் போட்டாலும். ஆனால் வரைபடத்தில் அந்த இடம் சாலையைத் தாண்டிப் போகும் ஒரு பச்சைக் கோடு, அவ்வளவுதான். புல்லை மிதித்து மிதித்து ஜனங்களே போட்டிருக்கும் ஒற்றையடிப் பாதை எங்கே போகிறது என்பதையும் பார்த்து வையுங்கள். மக்கள் உண்மையில் எந்த இடத்தில் சாலையைக் கடக்கிறார்கள் என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

அதனால் உங்கள் முதல் கேள்வி சாலையைக் கடப்பது பற்றியே இருக்கட்டும். நான்கு வழிச் சாலை என்றால் ஏறக்குறைய 14 மீட்டர் அகலம். வயதானவர் நொடிக்கு ஒரு மீட்டர் நடந்தால் 14 நொடி வேண்டும், சிக்னல் அத்தனை நொடி தருமா? நடுவில் நின்று கடக்க ஒரு திட்டு வைப்பார்கள் என்றால் அதன் அகலத்தைக் கேளுங்கள். சைக்கிளே 1.8 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் திட்டில் நின்றால் பின்சக்கரம் வண்டிகள் ஓடும் இடத்தில் இருக்கும். "நடைமேம்பாலம் கட்டித் தருகிறோம்" என்று சொன்னால் உடனே சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். லாரிகள் அடியில் போக வேண்டுமானால் பாலத்தின் தளம் 6 மீட்டர் உயரத்துக்கு வந்துவிடும், சக்கர நாற்காலி சுலபமாக ஏறக்கூடிய 1-க்கு 20 சரிவில் (20 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரம்) அதை எட்ட ஒவ்வொரு பக்கமும் 120 மீட்டர் சாய்தளம் வேண்டும், அதற்கு இடம் இருக்காது, கடைசியில் படிக்கட்டு மட்டும் வரும், எல்லோரும் பழையபடி கீழேயே ஓடிக் கடப்பார்கள். கடக்கும் இடத்தில் சாலையையே பாதையின் மட்டத்துக்கு உயர்த்தி, வண்டிகள் வேகம் குறைத்து ஏறி இறங்கும்படி செய்தாலே பல இடங்களில் போதும். வேகமும் போக்குவரத்தும் அதிகம் என்றால் சிக்னலும் சேர வேண்டும்.

சுலபமான பகுதியை முதலில் போட்டுவிட்டு முடிச்சு விழுந்த இடத்தை அப்புறம் பார்க்கலாம் என்று மட்டும் விடவே கூடாது. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தின் பர்க்-கில்மன் பாதை பழைய ரயில் தடத்தின் மேல் 1978-ல் திறந்தது, பிறகு வெகுதூரம் நீண்டது. பல்லார்ட் பகுதியில் சுமார் 2 கிலோமீட்டர் மட்டும் இடைவெளி விழுந்து, தொழிற்கூட வாசல்களில் லாரிகள் வந்து போகும் இடத்தில் பாதை எப்படி வரும் என்று வழக்கு மேல் வழக்காக இருபது வருடங்களுக்கு மேல் இழுத்தது. அந்த இடைவெளியில் சாலையோடு போகும் தண்டவாளத்தில் சக்கரம் மாட்டி விழுந்து அடிபட்டவர்கள் நிறைய.

கேள்வி: இப்போதிருக்கும் பாதையில் நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் தினமும் உரசிக்கொள்கிறோம். ஒரு வெள்ளைக் கோடு போட்டால் சரியாகுமா?

பதில்: ஆகாது. பேசிக்கொண்டே நடக்கும் இரண்டு பேருக்குக் கோடு கண்ணில் படாது, குழந்தைக்குச் சுத்தமாகப் படாது. மணிக்கு 20 கிலோமீட்டரில் வரும் சைக்கிள் ஒரு நொடியில் ஐந்தரை மீட்டர் போய்விடுகிறது, நடப்பவர் ஒன்றேகால் மீட்டர்தான் போகிறார். இரண்டு பேருக்கும் தனித்தனித் தளம், நடுவில் சின்ன உயர வித்தியாசம் அல்லது புல்வரிசை, இதுதான் வேலை செய்கிறது. மொத்தமாகவே 3 மீட்டர்தான் கிடைக்கிறது என்றால் பிரிக்காமல் விட்டு, திருப்பங்களில் புதரை வெட்டி எதிரே வருபவர் தெரியும்படி செய்யச் சொல்லுங்கள். கார் நுழையாமலிருக்க வாசலில் நடும் குட்டைத் தூண்களுக்கு நடுவே ஒன்றரை மீட்டராவது விடச் சொல்லுங்கள், நெருக்கி நட்டால் சக்கர நாற்காலிக்காரரும் வெளியிலேயே நின்றுவிடுவார்.

கேள்வி: மரங்களை வெட்டாமல் நீட்டிக்க முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும், பாதை கொஞ்சம் வளைந்து போகட்டும். அடிமரத்தை ஒட்டித் தார் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்: தோண்டும்போது வேர் அறுந்தால் மரம் பலவீனமாகிவிடும், அறுக்காமல் மேலே போட்டால் சில வருடங்களில் வேர் தளத்தைப் பிளந்து தூக்கிவிடும்.

கேள்வி: பாதை வந்தால் வாடகை ஏறிவிடும் என்று பயமாக இருக்கிறது. நான் வேண்டாம் என்று சொன்னால் பசுமைக்கு எதிரி என்கிறார்கள்.

பதில்: உங்கள் பயம் நியாயமானது. சிகாகோவில் பழைய சரக்கு ரயில் தடத்தின் மேல் 2015-ல் திறந்த 4.3 கிலோமீட்டர் பாதையை ஒட்டி வீட்டு விலை ஏறி, காலங்காலமாக இருந்த குடும்பங்கள் வெளியேற வேண்டிவந்தது. அந்தப் பாதை நல்ல பாதைதான், அதனால்தான் விலை ஏறியது. பாதையே வேண்டாம் என்பதைவிட, குறைந்த வாடகை வீடுகளுக்கு இடம் ஒதுக்குவதைத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள், நிலம் விலை ஏறுவதற்கு முன்னால். பாதை திறந்த பிறகு கேட்டால் அந்த நிலத்தை யாராலும் வாங்க முடியாது. கூட்டத்துக்குப் போகும்போது பக்கத்தில் வாடகைக்குக் குடியிருப்பவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். அழைப்புக் கடிதம் பல நேரம் வீட்டு உரிமையாளர் பெயருக்குத்தான் போகிறது, வாடகைக்கு இருப்பவர்களுக்குக் கூட்டம் நடப்பதே தெரிந்திருக்காது.