அமினோ அமிலமும் மருந்துக் கடையும் – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எனக்குப் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம், இப்போது பி.ஃபார்ம் இரண்டாம் செமஸ்டர். வகுப்பில் பாதி மலையாளம், பாதி இங்கிலீஷ். அது எப்படியோ பழகிவிட்டது. பயோகெமிஸ்ட்ரிதான் பிடிபடவில்லை. இருபது அமினோ அமிலங்களையும் எழுதி எழுதி மனப்பாடம் செய்கிறேன், ரெண்டே நாளில் பாதி போய்விடுகிறது. அதற்குள் புரதத்தின் நான்கு நிலை அமைப்பு, டி.என்.ஏ. எழுத்துகளான பியூரின், பிரிமிடின் என்று அடுத்தடுத்து வந்து நிற்கிறது. 'பாஸ் மார்க் வாங்கிட்டு மறந்துடு, கடையில வந்து யாரும் வேலின் என்னன்னு கேட்கப் போறதில்லை' என்கிறார்கள் கூடப் படிப்பவர்கள். நியூக்ளிக் அமிலப் பாடத்தை, அதாவது டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. பகுதியை, அப்படியே விட்டுவிடலாமா என்றுகூட யோசிக்கிறேன். நிஜமாகவே ஒரு மருந்தாளுநருக்கு இதெல்லாம் தேவையா அக்கா?

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

தேவை. நியூக்ளிக் அமிலத்தையும் விடாதீர்கள், அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் மனப்பாட விஷயம்.

இருபது பெயர்களை இருபது பெயர்களாகப் படித்தால் யாருக்கும் நிற்காது. எல்லா அமினோ அமிலத்துக்கும் நடுவில் ஒரு கார்பன், அதோடு ஒரு அமினோ தொகுதி, ஒரு கார்பாக்சில் தொகுதி, ஒரு ஹைட்ரஜன். இவ்வளவும் பொது. நான்காவதாக ஒட்டியிருக்கும் பக்கச் சங்கிலி மட்டும்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. புத்தகத்தில் 'ஆர்' என்று போட்டிருப்பார்களே, அதுதான். அதனிடம் ரெண்டே கேள்வி கேளுங்கள். தண்ணீரோடு சேருமா, ஒதுங்குமா? மின்சுமை உண்டா, இருந்தால் நேரா எதிரா? வேலின், லியூசின், ஐசோலியூசின், ஃபினைல்அலனின் போன்றவை தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும். அஸ்பார்டிக், குளூட்டமிக் ரெண்டும் எதிர்மின் சுமை. லைசினும் ஆர்ஜினினும் நேர்மின் சுமை. ஹிஸ்டிடின் சூழலின் பி.ஹெச்., அதாவது அமிலத்தன்மையின் அளவு, பார்த்து மாறிக்கொள்ளும். செரின், திரியோனின் வகையறாவுக்குச் சுமை இல்லை, ஆனாலும் தண்ணீரோடு ஒத்துப்போகும். தனிக்குணம் உள்ளவை மூன்று: மிகச் சிறிய கிளைசின், அமினோ அமிலங்கள் கோத்த புரதச் சங்கிலியை வளைத்துவிடும் புரோலின், இன்னொரு சிஸ்டீனோடு கந்தகப் பிணைப்புப் போட்டுக்கொள்ளும் சிஸ்டீன். நோட்டில் ஒரு பக்கம் போதும். புரதம் எப்படி மடியும், எங்கே கரையும், மருந்து எங்கே போய் ஒட்டும் என்பதெல்லாம் இந்த ஒரு பக்கத்திலிருந்துதான் வருகிறது.

வேலினை யார் கேட்கப் போகிறார்கள் என்கிறார்கள் உங்கள் நண்பர்கள். உங்கள் மாவட்டத்திலேயே இருக்கும் அட்டப்பாடியை எடுத்துக்கொள்வோம். அங்கே இருளர், முடுகர், குறும்பர் ஊர்களில் அரிவாள் ரோகம் (சிக்கிள் செல் சோகை) என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மூட்டிலும் முதுகிலும் திடீரென்று பிடித்து ஆளைச் சுருட்டிப்போடும் வலி, சோகை, மஞ்சளாகும் கண், கைக்குழந்தைகளுக்கு வீங்கிப்போகும் விரல்கள். சிவப்பணுவுக்குள் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினில் ஆல்ஃபா சங்கிலி இரண்டு, பீட்டா சங்கிலி இரண்டு. ஆல்ஃபாவில் 141 அமினோ அமிலங்கள், பீட்டாவில் 146. இந்த நோயில் மாறியிருப்பது பீட்டாவின் 6-ஆவது இடம் ஒன்றுதான். குளூட்டமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின் இருக்கிறது.

இப்போது அந்த ரெண்டு கேள்வியையும் கேளுங்கள். குளூட்டமிக் அமிலத்துக்கு எதிர்மின் சுமை உண்டு, அதனால் புரதத்தின் வெளிப்புறத்தில் தண்ணீரோடு நிம்மதியாக இருந்தது. வேலினின் பக்கச் சங்கிலியில் வெறும் கார்பனும் ஹைட்ரஜனும்தான். தண்ணீரில் நிற்கப் பிடிக்காமல் ஒதுங்க இடம் தேடும். ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறக்கிவிட்டதும் பீட்டா சங்கிலியில் ஒரு சின்னப் பள்ளம் திறக்கும். அங்கே இருப்பவை 85-ஆவது இடத்து ஃபினைல்அலனினும் 88-ஆவது இடத்து லியூசினும். ரெண்டும் தண்ணீருக்கு ஒதுங்குகிறவை. பக்கத்து மூலக்கூறின் வேலின் நேராக வந்து அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்துகொள்கிறது. அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் இன்னொன்று. மூலக்கூறுகள் இழையாக நீண்டு, இழைகள் கட்டாகச் சேர்ந்து, வட்டமான சிவப்பணுவை அரிவாள் மாதிரி வளைத்துவிடுகின்றன. வளைந்த அணு நுண்குழாயில் சிக்கிக்கொள்ளும்போது வருவதுதான் அந்த வலி. உடம்பில் தண்ணீர் குறைந்தால் அணுவுக்குள் ஹீமோகுளோபின் நெருக்கம் கூடி இழை இன்னும் சீக்கிரம் சேரும். நிறையத் தண்ணீர் குடி, பனியில் நிற்காதே, காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ என்று அந்தப் பிள்ளைகளுக்கு நாம் சொல்வதற்குக் காரணம் புரிகிறதா? காரணம் தெரிந்து சொல்கிறவர் அழுத்திச் சொல்வார். கேட்கிறவருக்கும் அது தெரிந்துவிடும்.

இந்தக் கதை வெளிவந்த விதமும் பக்கச் சங்கிலி வழியாகத்தான். 1949-இல் அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங்கும் கூட்டாளிகளும் நோயாளியின் ஹீமோகுளோபினையும் சாதாரண ஹீமோகுளோபினையும் மின்புலத்தில் விட்டுப் பார்த்தபோது ரெண்டும் வேறு வேறு மாதிரி நகர்ந்தன. எதிர்மின் சுமை குறைந்துவிட்டது அல்லவா? 1956-57-இல் கேம்பிரிட்ஜில் வெர்னான் இங்கிராம் ரெண்டையும் புரதத்தை வெட்டும் டிரிப்சின் என்ற நொதி கொண்டு துண்டாக்கினார். டிரிப்சின் கண்ட இடத்தில் வெட்டாது, லைசினுக்கும் ஆர்ஜினினுக்கும் அடுத்துத்தான் வெட்டும். துண்டுகளைக் காகிதத்தில் பரப்பியபோது ஒன்று மட்டும் இடம் மாறியிருந்தது. அந்தத் துண்டைப் பிரித்துப் பார்த்துத்தான் வேலினைக் கண்டுபிடித்தார்கள். இன்றைக்கும் இந்த நோய்க்கு, மின்புலத்தில் நகர விட்டுப் பார்க்கும் எலக்ட்ரோஃபோரிசிஸ் டெஸ்ட் எழுதுகிறார்கள். அதன் அடிப்படை பாலிங் பார்த்த அதே சுமை வித்தியாசம்தான்.

சரி, நோயை விட்டுக் கடைக்கு வருவோம். கேரள-தமிழ்நாடு எல்லையில், வேலந்தாவளத்தில் இருக்கும் எங்கள் மருந்துக் கடை ஃபிரிட்ஜிலிருந்து ரெண்டு இன்சுலின் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கிளார்ஜின் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். என்.பி.ஹெச். குப்பியில் மேலே தெளிந்து அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும், உள்ளங்கையில் வைத்து மெதுவாக உருட்டினால் பால் நிறத்தில் கலங்கும். 'கெட்டுப்போன மருந்தைக் குடுத்துட்டயே கண்ணு' என்று திருப்பிக்கொண்டு வந்த பாட்டிகள் உண்டு. அவர்களுக்கு என்ன பதில் சொல்வீர்கள்? அந்தக் கலங்கல் அதில் வேண்டுமென்றே செய்தது. புரோட்டமின் என்ற புரதத்தில் ஆர்ஜினின் ஏராளம், அதனால் நேர்மின் சுமை. இன்சுலினுக்கு அந்தக் கரைசலில் எதிர்மின் சுமை. ரெண்டும் பிடித்துக்கொண்டு சிறு படிகமாக நிற்கின்றன. தோலுக்கடியில் மெல்லக் கரைவதால் மருந்து நீடித்து வேலை செய்கிறது. கலங்க வேண்டியது கலங்காமல் கட்டி கட்டியாகத் திரண்டு நின்றால்தான் கெட்டது.

கிளார்ஜின் இன்னும் அழகு. மனித இன்சுலினில் 'ஏ' சங்கிலியில் 21, 'பி' சங்கிலியில் 30, ஆக மொத்தம் 51 அமினோ அமிலங்கள். இந்த வரிசை முழுவதையும் கண்டறிந்ததற்காகத்தான் ஃபிரெடரிக் சாங்கருக்கு 1958-இல் நோபல் பரிசு கிடைத்தது. கிளார்ஜினில் பி சங்கிலியின் வாலில் ரெண்டு ஆர்ஜினினைக் கூடுதலாகச் சேர்த்தார்கள், ஏ சங்கிலியின் 21-ஆவது அஸ்பராஜினைக் கிளைசினாக மாற்றினார்கள். அவ்வளவுதான். ரெண்டு நேர்மின் சுமை கூடியதால், மொத்தச் சுமை சமமாகும் பி.ஹெச். 5.4 பக்கத்திலிருந்து 6.7 பக்கம் நகர்ந்துவிட்டது. சுமை சமமான புள்ளியை நெருங்கினால் புரதம் தண்ணீரில் நிற்காமல் இறங்கிவிடும். எலுமிச்சை பிழிந்த பால் திரிவதைப் பார்த்திருப்பீர்களே, அங்கே கேசீன் 4.6 வாக்கில் செய்கிற காரியம்தான் இதுவும். குப்பிக்குள் பி.ஹெச். 4, அதனால் தெளிவு. தோலுக்கடியில் 7.4, உடனே நுண்ணிய படிவாக இறங்கி, அங்கிருந்து நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. கிளார்ஜினை வேறு இன்சுலினோடு ஒரே சிரிஞ்சில் கலக்கக் கூடாது என்று அட்டையில் அச்சடித்திருப்பதன் காரணமும் இந்த பி.ஹெச்.தான். லிஸ்ப்ரோ என்ற இன்னொரு இன்சுலினில் நேர் எதிரான தேவை, சீக்கிரம் வேலை செய்ய வேண்டும். பி சங்கிலியில் 28-ஆவது புரோலினையும் 29-ஆவது லைசினையும் இடம் மாற்றி வைத்தார்கள். மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது தளர்ந்து, ஊசி போட்டதும் வேகமாக ரத்தத்தில் சேர்கிறது.

அப்புறம் நான்கு நிலை அமைப்பு. இதைத் தேர்வுக்கு எழுதுவதோடு நிறுத்தாமல் ஃபிரிட்ஜைப் பார்த்துப் படியுங்கள். அமினோ அமில வரிசை முதல் நிலை. அது சுருளாகவும் தகடாகவும் மடிவது இரண்டாம் நிலை, முழு உருவம் எடுப்பது மூன்றாம் நிலை, பல சங்கிலிகள் சேர்ந்து நிற்பது நான்காம் நிலை. இன்சுலினை ஃப்ரீசரில் வைத்தால் வரிசை போகாது, மடிப்பும் கூட்டமைப்பும் போய்விடும். திரும்ப இளகிய பின் பார்க்க நன்றாகவே இருந்தாலும் அதைக் கொடுக்கக் கூடாது. 2-லிருந்து 8 டிகிரி என்று போட்டிருப்பது மூன்றாம், நான்காம் நிலைகளைக் காப்பாற்றத்தான்.

இந்த மடிப்புக் கணக்கில் உலகமே பயன்படுத்தும் ஒரு வரைபடத்தைப் போட்டவர் எர்ணாகுளத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் 1922-இல் பிறந்த ஜி.என். ராமச்சந்திரன். சங்கிலியில் எந்தத் திருப்பம் சாத்தியம், எது அணுக்கள் மோதிக்கொள்வதால் சாத்தியமில்லை என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடம், சென்னைப் பல்கலைக்கழகத்தில் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து 1963-இல் வெளிவந்தது. அதற்கு முன்பே 1954-இல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தின் முச்சுருள் அமைப்பைச் சொல்லியிருந்தார். கொலாஜனில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின். மூன்று சங்கிலிகள் நெருங்கி முறுக்கிக்கொள்ளும் நடுவில் அதைவிடப் பெரிய பக்கச் சங்கிலிக்கு இடமே கிடையாது. நீங்கள் கையாளப்போகும் சாதாரணக் கேப்சூல் ஓடு ஜெலட்டின், அதாவது மிருகங்களிலிருந்து எடுத்து முறுக்கு அவிழ்ந்த கொலாஜன். கேப்சூல் சைவமா என்று கல்பாத்தி அக்கிரகாரத்துப் பக்கமிருந்து வருகிறவர்கள் கேட்டால் உங்களுக்கு பதில் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு ராமச்சந்திரனை நினைத்தால் பெருமையாக இருக்கும். எல்லையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் படிக்கிற பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அவர் பெயர் தெரிய வேண்டும்.

லேப் டெஸ்டுகளில் ரொம்ப நேரம் செலவழிக்க வேண்டாம். நின்ஹைட்ரின் அமினோ அமிலத்தோடு ஊதா தரும், புரோலினோடு மட்டும் மஞ்சள். பையூரெட் அமினோ அமிலங்களைக் கோக்கும் பெப்டைடு பிணைப்பைப் பார்ப்பது, அதனால் தனி அமினோ அமிலத்தில் வராது. இது போதும்.

இப்போது நியூக்ளிக் அமிலம். அந்த 6-ஆவது இடத்து வேலின் எங்கிருந்து வந்தது? டி.என்.ஏ.வில் அந்த இடத்து அமினோ அமிலத்தைக் குறிக்க ஜி-ஏ-ஜி என்றிருக்க வேண்டிய மூன்றெழுத்து ஜி-டி-ஜி ஆகியிருக்கிறது. அடினின் இருந்த இடத்தில் தைமின். அம்மாவிடமிருந்தும் அப்பாவிடமிருந்தும் இந்த மாற்றம் வந்தால்தான் நோய், ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பெரும்பாலும் தொந்தரவில்லாத சுமப்பாளர். கல்யாணத்துக்கு முன்னால் ரத்தம் பார்த்துக்கொள்ளச் சொல்வது அதற்காகத்தான். இந்த நோய்க்குக் கொடுக்கும் ஹைட்ராக்சியூரியா வேலை செய்வதும் இந்தப் பாடத்துக்குள்தான். ஆர்.என்.ஏ.வுக்கான நியூக்ளியோடைடின் சர்க்கரையிலிருந்து ஒரு ஆக்சிஜனை எடுத்து டி.என்.ஏ.வுக்கு ஏற்றதாக மாற்றும் ரைபோநியூக்ளியோடைடு ரிடக்டேஸ் என்ற நொதியை அது தடுக்கிறது. சிகிச்சையில் கருக்கால ஹீமோகுளோபின் கூடுகிறது. அதில் பீட்டாவுக்குப் பதில் காமா சங்கிலி, 6-ஆவது இடத்து வேலின் கிடையாது, இழை நீளாமல் தடைபடுகிறது. டி.என்.ஏ. உற்பத்தியில் கை வைக்கும் மருந்து என்பதால் எலும்பு மஜ்ஜையின் வேலையும் குறையும். அதனால் ரத்த எண்ணிக்கையை விடாமல் பார்க்க வேண்டும், கர்ப்பமாக இருப்பவர்கள் அந்தக் கேப்சூலைத் தொடுவதே கூடாது.

பியூரினை விட்டுவிட நினைத்தீர்களே, அதற்கும் ஒன்று சொல்கிறேன். ஒரே ஆளுக்கு ஒரு டாக்டர் மூட்டுவாதத்துக்கோ குடல் அழற்சிக்கோ அசாதயோபிரின் எழுதியிருப்பார். யூரிக் அமிலம் ஏறிக் கால் பெருவிரல் வீங்கியது என்று வேறொரு டாக்டர் அலோபியூரினால் எழுதுவார். சீட்டு ரெண்டும் தனித்தனியாகப் பார்க்கச் சரியாகவே இருக்கும். ஆனால் அசாதயோபிரின் உடம்பில் மெர்காப்டோபியூரின் ஆகும், அது ஒரு போலி பியூரின். அதை உடைத்துச் செயலிழக்கச் செய்வதில் பெரிய பங்கு சாந்தைன் ஆக்சிடேஸ் நொதிக்கு. நம் சொந்தப் பியூரினை யூரிக் அமிலமாக்குவதும் அதே நொதிதான், அலோபியூரினால் அடைப்பதும் அதையேதான். போகிற வழி அடைபட்டு மருந்து தேங்கி, வெள்ளணுக்கள் ஆபத்தான அளவுக்கு விழுந்துவிடும். சேர்த்துக் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் அசாதயோபிரினின் அளவை நாலில் ஒன்றோ மூன்றில் ஒன்றோ ஆகக் குறைப்பார்கள். கோயம்புத்தூரில் ஒரு டாக்டர், பாலக்காட்டில் ஒரு டாக்டர் என்று எல்லை தாண்டிக் காட்டுகிற நம் ஊரில், ரெண்டு சீட்டையும் ஒரே மேசையில் பார்க்கிற ஆள் பல நேரம் மருந்துக் கடைக்காரர் மட்டும்தான். சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு டாக்டருக்கு ஃபோன் போட அவருக்குத் தோன்ற வேண்டும். பியூரின் பாடம் படிக்காமல் அது தோன்றாது.

இந்த வாரம் பக்கச் சங்கிலிகளை மட்டும் அந்த ஒரு பக்கத்தில் எழுதி முடியுங்கள். அடுத்த வாரம் பியூரின் உடைந்து யூரிக் அமிலம் ஆகும் பாதையை வரைந்து, எந்த மருந்து எங்கே குறுக்கிடுகிறது என்று குறியுங்கள். வேலந்தாவளம் உங்களுக்குத் தூரமில்லை. ஞாயிறு மதியம் கடையில் கூட்டம் குறைவாக இருக்கும், நோட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா