கீபோர்டை மாற்றுவதா, பழுது பார்ப்பதா?

கேள்வி: 2016ல் வாங்கிய யமஹா பிஎஸ்ஆர்-எஸ்770 கீபோர்டு என்னிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை கோயில் பஜனை, சமூக மன்றத்தில் பொங்கல், தீபாவளி நிகழ்ச்சிகள், இவற்றுக்குத்தான் வாசிக்கிறேன். கொஞ்ச நாளாக மன்றத்து மண்டபத்தில் சத்தம் மெலிந்து கேட்கிறது. நடுவில் இரண்டு கட்டைகள் மெல்லத் தொட்டாலும் அலறுகின்றன. கடையில், "பழைய மாடல், எஸ்எக்ஸ்720க்கு மாறிவிடுங்கள், பழையதை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்" என்கிறார்கள். எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூரில் மலிவு என்கிறார் நண்பர். என்ன செய்யட்டும்?
- வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். நீங்கள் சொல்லும் இரண்டு குறையும் மாடல் பழசானதால் வந்தவையாகத் தெரியவில்லை.

அலறும் கட்டைகளை முதலில் பார்ப்போம். கட்டைகளுக்கு அடியில் ரப்பர் பட்டை ஓடுகிறது. ஒவ்வொரு கட்டைக்கும் அதில் இரண்டு தொடுபுள்ளிகள். முதல் புள்ளி பட்டு இரண்டாவது படுவதற்குள் ஆகும் நேரத்தை வைத்துத்தான், மெதுவாக அழுத்தினீர்களா ஓங்கி அழுத்தினீர்களா என்று கீபோர்டு கணக்குப் போடுகிறது. இடையில் தூசி புகுந்தால் கணக்கு தப்பும்; ஒன்று கத்தும், இல்லையென்றால் ஊமையாகிவிடும். வாரா வாரம் ஊதுபத்திப் புகையிலும் விபூதியிலும் உட்காரும் கீபோர்டுக்கு இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். பழுது பார்ப்பவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் பட்டையை மாற்றச் சொல்லுங்கள்.

அடுத்து மண்டபத்துச் சத்தம். கீபோர்டிலேயே இருக்கும் ஸ்பீக்கர் வரவேற்பறைக்குப் போதும், மண்டபத்துக்குப் போதாது. புது மாடல் வாங்கினாலும் இதே கதைதான். மன்றத்து மிக்சருக்கு ஒரே ஒரு கேபிள் கொடுக்கிறீர்கள் என்றால், பின்பக்கம் பாருங்கள்: 'எல்/எல்+ஆர்' என்று எழுதிய துளையில் செருகினால்தான் இரண்டு பக்கத்துச் சத்தமும் சேர்ந்து போகும். அவசரத்தில் 'ஆர்' துளையில் செருகிவிட்டு, சத்தம் பத்தவில்லை என்று ஒலியமைப்பாளரோடு மல்லுக்கு நின்றவர்கள் உண்டு. நானும் ஒருமுறை நின்றிருக்கிறேன். கேபிள் சரியாக இருந்தும் மெலிவாகவே கேட்டால், நல்ல பவர்டு ஸ்பீக்கர் (ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கும் ஸ்பீக்கர்) ஒன்று வாங்குங்கள். நாளைக்கு எந்தக் கீபோர்டு வந்தாலும் அது கூடவே வரும்.

புதியதில் ஒன்றுமே இல்லை என்று சொல்லவில்லை. 2019ல் எஸ்எக்ஸ்700 வந்தபோதே தொடுதிரையும் கார்டு லூப்பரும் (கார்டு என்றால் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) வந்துவிட்டன. 2024ல் வந்த எஸ்எக்ஸ்720 அதன் அடுத்த படி. பஜனையில் அதே நாலு கார்டு சுற்றிச் சுற்றி வரும் அல்லவா? லூப்பர் அதை நினைவில் வைத்து ஓட்டும், இடது கை காலியாகிவிடும். இது உங்களுக்கு உண்மையாகவே பயன்படும். ஆனால் உங்கள் எஸ்770ல் சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்டுக்கும், ஒலிக்கு அதிர்வு சேர்க்கும் மாடுலேஷனுக்கும் தனித்தனிச் சக்கரம். எஸ்எக்ஸ்720ல் இரண்டுக்கும் ஒரே ஜாய்ஸ்டிக், விட்டால் நடுவுக்குத் திரும்பிவிடும். கமகத்தைச் சக்கரத்தில் இழைத்துப் பழகிய கைக்கு அது கொஞ்ச நாள் பிடிபடாது. கடையில் டெமோ பாட்டைக் கேட்டு மயங்காமல், நீங்களே ஒரு தோடியோ கல்யாணியோ அரை மணி நேரம் வாசித்துப் பாருங்கள்.

ஸ்டைல், அதாவது கீபோர்டு தானாக வாசிக்கும் தாளப் பின்னணி, அந்த விஷயமும் உண்டு. கம்பெனி ஸ்டைல்களில் போசநோவா போன்ற பிரேசில் தாளங்களுக்குக் குறைவில்லை. நம் குத்துக்கும் தெம்மாங்குக்கும் நாமே தேடியோ செய்தோ சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அப்படிச் சேர்த்த ஸ்டைல்கள் புது யமஹாவிலும் ஓடும். ஆனால் கூடுதல் ஒலிகளும் ஸ்டைல்களும் அடங்கிய எக்ஸ்பேன்ஷன் பேக்கை அந்தப் புதுக் கருவிக்கென்றே மறுபடி தயாரிக்க வேண்டும். கோர்க் என்ற வேறு கம்பெனியின் பக்கம் போனால் யமஹா ஸ்டைல்கள் அப்படியே ஓடாது. முதலிலிருந்து சேர்க்க வேண்டியதுதான்.

ஜோகூர் கணக்கையும் போட்டுவிடலாம். 48 மணி நேரத்துக்குள் திரும்பினால் 100 வெள்ளிக்குத்தான் பொருள் சேவை வரி விலக்கு. 1,500 வெள்ளிக் கீபோர்டு என்றால் மீதி 1,400க்கு 9 விழுக்காடு, அதாவது 126 வெள்ளி, நுழையும்போது கட்ட வேண்டும். உத்தரவாதம் இங்கே செல்லுமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

உள்ளூர்க் கடையில் வாங்கினால், கடைக்காரர் விற்கும் பழைய பொருளாகவே இருந்தாலும், குறையுள்ள பொருளுக்குக் கடைக்காரரைப் பொறுப்பாக்கும், 2012 முதல் நடப்பில் இருக்கும் 'லெமன் சட்டம்' துணைக்கு வரும். ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது வாங்கியபோதே இருந்ததாகத்தான் பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். இணையத்தில் தனியாள் ஒருவரிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

பழுது பார்க்கக் கொடுக்கும் முன் உங்கள் ஸ்டைல்களையும் ரெஜிஸ்ட்ரேஷன்களையும் (நீங்கள் சேமித்து வைத்த கீபோர்டு அமைப்புகள்) ஒரு யுஎஸ்பியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.