செரிமான அளவை ஒளிக்கருவி சொன்னால் நம்பலாமா?

கேள்வி: சாயல்குடி அருகே ராமநாதபுரம் வெள்ளை ஆடுகள் நாற்பது வளர்க்கிறேன். கோடையில் நெல் வைக்கோலும் சீமைக்கருவேலங்காயும்தான் தீவனம். என்.ஐ.ஆர். (அண்மை அகச்சிவப்பு ஒளி) கருவியில் பார்த்து, வைக்கோலுக்கு 46, காய்க்கு 70 சதவீதம் செரிமானம் என்று அறிக்கை தந்தார்கள். இதை வைத்துத் தீவன அளவை முடிவு செய்யலாமா?

பதில்: வைக்கோலுக்கு வந்த எண்ணைப் பெரும்பாலும் நம்பலாம். காய்க்கு வந்ததை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இக்கருவி செரிமானத்தை நேரடியாக அளப்பதில்லை. பெரும்பாலும் 1100 முதல் 2500 நானோமீட்டர் வரையுள்ள, கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் பொடித்த தீவனத்தின் மேல் செலுத்தி, நார், புரதம், ஈரம் முதலியவை அதை எவ்வளவு உறிஞ்சுகின்றன என்று பார்க்கிறது. பிறகு, அசைபோடும் மாட்டின் இரைப்பை நீரில் 48 மணி நேரமும் அமிலம் சேர்த்த பெப்சின் என்னும் செரிமான நொதியில் 48 மணி நேரமும் ஊறவைத்து ஆய்வகத்தில் முன்பே செரிமானம் கணக்கிட்ட மாதிரிகளோடு ஒப்பிட்டு மதிப்பிடுகிறது. அந்தத் தொகுப்பில் இல்லாத தீவனத்துக்கு அது சொல்வது ஊகம்தான். ஆகவே, அதில் கருவேலங்காய் சேர்ந்திருக்கிறதா என்று ஆய்வகத்தாரிடம் முதலில் கேளுங்கள்.

சேர்ந்திருந்தாலும் ஒரு சிக்கல் உண்டு. மாதிரியை 1 மில்லிமீட்டர் சல்லடை வழியே போகும்படி அரைத்த பிறகே கருவியில் வைப்பார்கள். அப்போது கெட்டியான விதையும் பொடியாகிவிடும். முழுக் காயைத் தின்னும் ஆட்டின் வயிற்றிலோ விதைகளில் பல உடையாமல் புழுக்கையோடு வெளியேறுகின்றன. கிடை போட்ட இடத்தில் மழைக்குப் பின் கருவேலங்கன்று முளைப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த விதையின் புரதம் உங்கள் ஆட்டுக்குக் கிடைக்கவில்லை. அறிக்கை சொல்லும் பயன் வேண்டுமானால், நன்கு உலர்ந்த காயை விதை நொறுங்கும்படி இடித்தோ அரைத்தோ கொடுங்கள்.

கடற்கரைப் பகுதியில் மணலையும் கவனிக்க வேண்டும். மணலுக்கும் உப்புக்கும் இந்த ஒளியில் தனி அடையாளம் கிடையாது. எனவே எரித்த பின் மிஞ்சும் மணல், உப்பு முதலியவற்றின் அளவான சாம்பல் அளவை மட்டும் எரித்துப் பார்க்கும் பழைய முறையில் கேட்டு வாங்குங்கள். கரிமப் பொருளின் (எரிந்துபோகும் பகுதியின்) செரிமானம் 60 சதவீதமாக இருந்தும் சாம்பல் 20 சதவீதம் என்றால், நூறு கிலோ உலர்தீவனத்தில் செரிப்பது 48 கிலோ மட்டுமே.

அடுத்த முறை வைக்கோல் படப்பின் மேற்புறத்தில் ஒரு பிடி உருவி அனுப்பாமல், உள்ளும் புறமுமாகப் பதினைந்து இடங்களில் எடுத்துக் கலந்து, அதிலிருந்து அரைக் கிலோ அனுப்புங்கள்.