பியானோ ட்யூன் செய்பவர்கள் முரண்டு பிடிக்கும் வாடிக்கையாளர்களிடம் எப்படிப் பேசுவது?

ட்யூன் செய்து முடித்த பிறகும் "ஏதோ சரியில்லை" என்பவர்கள், போனில் சுருதி பார்க்கும் ஆப்பைத் திறந்து காட்டி "இது தப்புன்னு சொல்லுதே" என்பவர்கள், இனிமேல் போகவே வேண்டாம் என்று தோன்ற வைப்பவர்கள். இந்த மூன்று பேரிடமும் எப்படிப் பேசுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பல வருடங்களாக இந்த வேலையைச் செய்கிறேன். நான் நம்புவது ஒன்றுதான்: வாயால் வாதாடாதீர்கள், கட்டையை அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். சண்டைக்கு வருகிறவர் பெரும்பாலும் உண்மையிலேயே எதையோ கேட்டிருக்கிறார். அது என்ன என்று அவரால் சொல்ல முடியவில்லை, அதனால்தான் குரல் உயர்கிறது. அந்த ஒலியை நீங்களும் கேட்டுவிட்டீர்கள் என்று அவருக்குத் தெரிந்த நொடியிலேயே பாதிக் கோபம் போய்விடும்.

அதனால் பையைத் திறப்பதற்கு முன்னாலேயே பேச்சு ஆரம்பிக்க வேண்டும். யார் வாசிக்கிறார்கள், தனியாகவா வேறு வாத்தியங்களோடா, கடைசியாக எப்போது ட்யூன் செய்தது, இப்போது எது உறுத்துகிறது என்று கேளுங்கள். அப்புறம் அவர்களையே ஒரு இரண்டு நிமிடம் வாசிக்கச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் நின்று கேளுங்கள். "ட்யூன் போச்சு" என்று கூப்பிட்டவர் வீட்டில் உண்மையில் பிரச்சனை என்ன என்று பார்த்தால், பியானோ மேல் வைத்த போட்டோ ஃபிரேம் ஒரு குறிப்பிட்ட சுரத்துக்கு அதிர்ந்து கிரீச்சிடும், ஈரத்தில் கட்டை உப்பி அழுத்தினால் மேலே வராது, பெடல் முனகும், அல்லது கம்பியைத் தட்டுகிற ஹாமரின் ஃபெல்ட் (அதன் முனையிலுள்ள கம்பளி) தேய்ந்து கம்பித் தடம் ஆழமாக விழுந்து ஒலி தகரம் மாதிரி ஆகியிருக்கும். இதில் எதையும் ட்யூனிங் சரி செய்யாது. இதை முதலிலேயே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டால் நீங்கள் விவரம் தெரிந்தவர். இரண்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு, காசு கேட்கும் நேரத்தில் சொன்னால் அதே விஷயம் சாக்குப்போக்காகத்தான் கேட்கும்.

பல வருடம் தொடாமல் விட்ட பியானோ இருக்கிறதே, அங்கேதான் முன்கூட்டிப் பேசுவது ரொம்ப முக்கியம். ஒரு பியானோவில் சுமார் 230 கம்பிகள், எல்லாம் சேர்ந்து இழுக்கிற இழுப்பு 18, 20 டன் வரை போகும். சுருதி அரைச் சுரம் இறங்கிப் போயிருந்தால் அதை மேலே கொண்டு வரும்போது ஒரு பக்கம் இறுக்க இறுக்க சவுண்ட்போர்டு (கம்பிகளின் ஒலியைப் பெருக்குகிற மரப்பலகை) அமுங்கும், ஏற்கெனவே இறுக்கிய கம்பிகள் மறுபடி இறங்கும். அதனால் முதலில் ஒரு தடவை மொத்தமாக ஏற்றிவிட்டு, அப்புறம்தான் நுணுக்கமான ட்யூனிங். இதற்கு நேரம் கூடுதல், கூலியும் கூடுதல், சில வாரம் கழித்து இன்னொரு தடவை தேவைப்படும், துருப்பிடித்த பழைய கம்பி ஒன்றிரண்டு அறுந்தாலும் அறும். இவ்வளவையும் வாடிக்கையாளர் கேட்கத்தான் வேண்டும், ஆனால் முதலில் காதால் கேட்கட்டும். பொதுவாக எல்லோரும் வைக்கிற சுருதியான 440 ஹெர்ட்ஸ் ட்யூனிங் ஃபோர்க்கைத் தட்டி பியானோவின் மரத்தில் வையுங்கள், உடனே அவர்கள் கையாலேயே அதே சுரத்தின் கட்டையை அழுத்தச் சொல்லுங்கள். வித்தியாசம் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அதற்குப் பிறகு இரண்டு வழி இருக்கிறது என்று சொல்லுங்கள்: இறங்கிய சுருதியிலேயே பியானோவை அதற்குள் ஒத்துப்போக வைக்கலாம், செலவும் ஆபத்தும் குறைவு, அல்லது 440-க்கே ஏற்றலாம். வயலின், புல்லாங்குழல் யாராவது கூட வாசிப்பார்கள் என்றால், அல்லது ஒரு பிள்ளை இந்தப் பியானோவில்தான் காதைப் பழக்கப்போகிறது என்றால், ஏற்றுவதுதான் நல்லது என்று உங்கள் கருத்தையும் சொல்லுங்கள். முடிவை அவர்கள் எடுக்கட்டும். கம்பி அறுந்தால் யார் பொறுப்பு என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள், ஒரு வரி செய்தியாக அனுப்பியும் வையுங்கள். அறுந்த பிறகு இதைப் பேசினால் யாருக்கும் நிதானம் இருக்காது.

சரி, ஆப் பிடித்தவர்கள். இவர்களைப் பார்த்து எரிச்சல் படாதீர்கள், தன் பியானோ மேல் அக்கறை இருப்பதால்தான் ஒருவர் அப்படி ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பார்க்கிறார். நடு ஸ்தாயியில் ஆப் கிட்டத்தட்ட சரியாகவே சொல்லும், அதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். பிரச்சனை இரண்டு ஓரங்களில். பியானோக் கம்பி விறைப்பான எஃகு, அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து அதில் எழும் மேல் அதிர்வுகள் கணக்குப்படி சரியாக இரண்டு மடங்கு, மூன்று மடங்கில் நிற்காமல் கொஞ்சம் கூடுதலாகவே ஏறும். அதற்கு ஈடாக மேல் ஸ்தாயிகளைக் கொஞ்சம் ஏற்றியும் கீழ் ஸ்தாயிகளைக் கொஞ்சம் இறக்கியும்தான் வைக்க வேண்டும். கடைசிக் கட்டைகளில் இது 20, 30 சென்ட் வரைகூடப் போகும். ஒரு சென்ட் என்றால் அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு. சாதாரண ஆப்புக்கு இதெல்லாம் தெரியாது, அது முள்ளைச் சிவப்பில் காட்டும். இதை வாயால் விளக்கினால் பாதிப் பேருக்குப் புரியாது, மீதிப் பேர் ஏமாற்றுகிறீர்கள் என்று நினைப்பார்கள். அதனால் மேலே ஒரு கட்டையை ஆப் சொல்கிறபடியே வைத்து, கீழே இருக்கிற அதே சுரங்களோடு சேர்த்து வாசித்துக் காட்டுங்கள். அப்புறம் உங்கள் முறைப்படி வைத்து மறுபடி வாசியுங்கள். எது எது என்று சொல்லாமல், எது நன்றாக இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் ஆப் வைத்த சுரம் மந்தமாக, கொஞ்சம் இறங்கிய மாதிரி கேட்கும். இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது, ஆனால் அந்த வீட்டில் அந்தச் சண்டை திரும்ப வராது.

இதோடு சேர்த்து ஒரு விஷயம். பாடுகிறவர்கள், வயலின் வாசிக்கிறவர்கள் சிலர் "ஸ-வும் க-வும் சேர்ந்தால் உறுத்துது" என்பார்கள். அவர்கள் சொல்வது முழுக்க உண்மை! பன்னிரண்டு அரைச் சுரங்களையும் சமமாகப் பிரிக்கும் முறையில் அந்த காந்தாரம் தூய காந்தாரத்தைவிடச் சுமார் 14 சென்ட் உயரத்தில் நிற்கிறது. பஞ்சமமோ 2 சென்ட்தான் குறைகிறது, அதனால் யாரையும் உறுத்துவதில்லை. "உங்கள் காது சரியாகத்தான் கேட்கிறது, எல்லா சுருதியிலும் வாசிக்க முடிய வேண்டும் என்பதற்காகப் பியானோ கொடுக்கிற விலை இது" என்று சொல்லுங்கள். நல்ல காது உள்ளவரிடம் போய் "அது உங்கள் பிரமை" என்று சொல்வதைவிடப் பெரிய அவமானம் இல்லை.

"போன வாரம்தானே ட்யூன் பண்ணீங்க, அதுக்குள்ள போச்சு" என்று போன் வந்தால் போனிலேயே வாதாட வேண்டாம். எந்தக் கட்டை, எப்போதிலிருந்து, நடுவில் அறையில் ஏதாவது மாறியதா, இந்த மூன்றை மட்டும் கேளுங்கள். பியானோவை இடம் மாற்றினார்களா, ஏசி அல்லது ஹீட்டர் போட ஆரம்பித்தார்களா, மழை பிடித்துக்கொண்டதா. காற்றில் ஈரம் ஏறினால் சவுண்ட்போர்டு உப்பி கம்பியைத் தள்ளும், சுருதி ஏறும், காய்ந்தால் இறங்கும். நடுப்பகுதிதான் அதிகம் ஆடும், எல்லோரும் அதிகம் வாசிப்பதும் அங்கேதான். இதை நம்ப வைக்க ஒரே வழி பதிவு. ஒவ்வொரு தடவையும் தேதி, நீங்கள் வந்தபோது நடு ஸ்தாயியின் அந்த 440 சுரம் எத்தனை ஹெர்ட்ஸில் இருந்தது, முடித்தபோது எத்தனை, அறையின் ஈரப்பதம் எவ்வளவு என்று ரசீதிலேயே எழுதிக் கொடுங்கள். 45 சதவீதத்தில் ட்யூன் செய்த பியானோ இப்போது 70 சதவீதத்தில் நிற்கிறது என்றால் எண்ணே பேசும், நீங்கள் உங்களைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசுவதாகத் தோன்றாது. ஆனால் ஒரு கட்டையில் மட்டும் ஒரு கம்பி நழுவியிருந்தால் ஈரப்பதக் கதையெல்லாம் வேண்டாம், போய்ச் சரி செய்து கொடுத்துவிட்டு வாருங்கள், அதற்குக் காசு கேட்காதீர்கள்.

சில கம்பிகளைத் தனியாக அடித்தாலே ஒலி அலை அலையாக ஆடும். கம்பியின் முறுக்கலோ, அது உட்காரும் இடத்தின் தேய்மானமோ காரணமாக இருக்கும். எவ்வளவு ட்யூன் செய்தாலும் போகாது. "இந்த ஒரு நோட் மட்டும் ஏன் இப்படி" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறவரிடம், அந்த நோட்டின் மூன்று கம்பிகளில் இரண்டை ரப்பர் துண்டைச் செருகி அடைத்துவிட்டு மீதி ஒன்றை மட்டும் அடித்துக் காட்டுங்கள். ஒற்றைக் கம்பியே ஆடுகிறது என்பதைக் கேட்டபின் யாரும் உங்களைக் குறை சொல்வதில்லை.

எனக்கு எப்போதும் கஷ்டமாக இருப்பது கோபக்காரர்கள் இல்லை. தாத்தா வாசித்தது, பாட்டி சீராகக் கொண்டு வந்தது என்று ஒரு பழைய பியானோவைக் காட்டி "எப்படியாவது பழையபடி ஆக்கிடுங்க" என்பவர்கள்தான். கம்பி சுற்றிய பின்கள் (ஆணிகள்) நிற்கிற பின் பிளாக் மரம் வெடித்துப் போயிருக்கும், பின்கள் இறுக்கமாக நிற்காது, நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்புவதற்குள் சுருதி இறங்கியிருக்கும். இங்கே இரண்டு பக்கமும் தவறு செய்ய இடம் இருக்கிறது. "இது குப்பை, தூக்கிப் போடுங்க" என்பது ஒரு கொடுமை. காசை வாங்கிக்கொண்டு ட்யூன் செய்துவிட்டுப் போவது அதைவிட மோசம். நான் செய்வது, ட்யூனிங் லீவரைப் பின்னில் மாட்டி அவர்கள் கையில் கொடுத்து, மெல்லத் திருப்பிப் பார்க்கச் சொல்வது (நான் பக்கத்திலேயே கையை வைத்திருப்பேன்). நன்றாகப் பிடிக்கிற பின் ஒன்று, பிடிக்காத பின் ஒன்று. கை உடனே புரிந்துகொள்ளும். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் எதுவும் பேசாதீர்கள், அவர்களுக்கு அந்த நேரம் வேண்டும். அப்புறம் என்னென்ன முடியும் என்று சொல்லுங்கள்: தடிமனான பின் போடலாம், பின் பிளாக்கையே மாற்றலாம் ஆனால் செலவு பியானோவின் மதிப்பைத் தாண்டும், அல்லது இதை இப்படியே வீட்டில் வைத்துக்கொண்டு வாசிக்க வேறொன்று பார்க்கலாம். அந்த நேரத்தில் "நானே எடுத்துக்கிறேன்" என்றோ "என்கிட்ட விற்க ஒன்று இருக்கு" என்றோ வாயைத் திறக்காதீர்கள், நீங்கள் அதுவரை சொன்ன உண்மை எல்லாமே வியாபாரமாகத் தெரியும்.

நன்றாக வாசிக்கத் தெரிந்தவர்கள் "ஒலி ரொம்பக் கூர்மையா இருக்கு" என்றால் அது ட்யூனிங் இல்லை, ஹாமர் ஃபெல்ட்டை ஊசியால் தளர்த்துகிற வேலை. முழுப் பியானோவிலும் இறங்கிவிடாதீர்கள். அவரை வாசிக்க வைத்து எந்தப் பகுதி என்று பிடித்து, பக்கத்துப் பக்கத்து மூன்று கட்டைகளில் மட்டும் செய்துவிட்டு மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள். அளவுக்கு மீறி ஊசி போட்ட ஃபெல்ட்டைப் பழையபடி கொண்டு வருவது கஷ்டம், அதையும் அவரிடம் சொல்லுங்கள்.

முன்னால் வந்த ட்யூனரைத் திட்டினால் சேர்ந்து திட்டாதீர்கள், அவர் வந்தபோது பியானோ எந்த நிலையில் இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. பேரம் பேசினால் வேலையைக் குறைத்துச் சொல்லுங்கள், விலையை மட்டும் குறைக்காதீர்கள். டிவி, வாக்யூம் கிளீனர் சத்தம் பற்றியெல்லாம் நேரம் குறிக்கும்போதே சொல்லிவிடுங்கள்: "ஒன்றரை, இரண்டு மணி நேரம் அந்த அறையில் அமைதி வேண்டும், நான் கேட்பது ரொம்பச் சின்ன ஒலி." வேலை நடுவில் எழுந்து போய்ச் சொன்னால் அதட்டுகிற மாதிரி ஆகிவிடும்.

கடைசியாக, போகவே வேண்டாம் என்று தோன்றுகிற வீடு. கேவலமாகப் பேசுகிறவரை, ஒவ்வொரு தடவையும் கூலியை இழுத்தடிக்கிறவரைத் தாராளமாக விட்டுவிடலாம். ஆனால் வேலை பாதியில் இருக்கும்போது கிளம்பாதீர்கள், பாதி ஏற்றிய சுருதியோடு விட்ட பியானோவை யாராலும் வாசிக்க முடியாது, அந்த வீட்டில் வாசிக்கிற பிள்ளை உங்களிடம் எந்தத் தப்பும் செய்யவில்லை. முடியாத அளவுக்குப் போனால் கம்பிகளை அடக்க நடுவில் அடைத்த ஃபெல்ட் துண்டுகளை எல்லாம் எடுத்து, எது வரை செய்திருக்கிறீர்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அதற்கு உண்டான காசை மட்டும் கேளுங்கள். அடுத்த தடவை கூப்பிட்டால் பொய்க் காரணம் வேண்டாம், "இனி என்னால் வர இயலாது, வேறு ஒருவரைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு செய்தி போதும். புதிதாக வருகிறவர் உங்களிடம் கேட்டால் அந்தப் பியானோவைப் பற்றிய பதிவுகள் முழுவதையும் கொடுங்கள், எந்தக் கம்பி மாற்றியது, எந்தப் பின் தளர்ந்திருக்கிறது என்பது உட்பட. அந்த வீட்டுக்காரரைப் பற்றி அவர் கேட்டால், நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுங்கள்.