தாத்தா கதையை எத்தனை முறை சொல்வது?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. செஸ், நீச்சல், கீபோர்டு என்று எதில் சேர்த்தாலும் இரண்டு மாதம்தான். கொஞ்சம் கஷ்டம் வந்ததும் ‘எனக்கு வராது’ என்று ஒதுங்கிவிடுகிறான். என் அப்பா தொழிலில் இரண்டு முறை விழுந்து எழுந்தவர். அந்தக் கதையை எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். காதில் ஏறவில்லை. விடாமுயற்சியை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?
– ஒரு தந்தை

பதில்: உங்கள் அப்பா விழுந்ததை நீங்கள் கூடவே இருந்து பார்த்திருப்பீர்கள். அப்போது அவர் எழுவாரா மாட்டாரா என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. உங்கள் மகனுக்கோ அது முடிவு தெரிந்த கதை. தாத்தா ஜெயித்தார் என்பது தொடங்கும்போதே தெரிந்துவிடுகிறது. தினமும் அவன் கண்ணெதிரில் இருப்பவர் நீங்கள். எல்லாம் கைவந்த ஒரு பெரியவர். நீங்கள் தடுமாறுவதெல்லாம் அலுவலகத்திலோ, அவன் தூங்கிய பிறகோதான்.

என் அம்மா எனக்கு விடாமுயற்சி பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒருநாள் இரவு, எனக்குத் தைத்த சட்டையில் வலது கையை இடது பக்கம் வைத்துத் தைத்துவிட்டார். விளக்கருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். அப்புறம் ஊசி முனையால் ஒவ்வொரு தையலாகப் பிரித்தார், துணி கிழியாமல். பிரித்த நூல் மடியில் சுருண்டு கிடந்தது. ‘சரி, மறுபடியும்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்தச் சட்டை எப்படி இருந்தது என்று இன்று நினைவில்லை. அந்தக் குரல் இருக்கிறது.

இதை ஆய்விலும் பார்த்திருக்கிறார்கள். 2017-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 15 மாதக் குழந்தைகளின் முன், ஒரு பெரியவரைப் பெட்டிக்குள் இருக்கும் பொம்மையை எடுக்க வைத்தார்கள். சில குழந்தைகள் அவர் திணறித் திணறி எடுத்ததைப் பார்த்தன. சில, சுலபமாக எடுத்ததைப் பார்த்தன. பிறகு, அழுத்தினாலும் வேலை செய்யாத பொத்தான் உள்ள ஒரு பொம்மையைக் கையில் கொடுத்தார்கள். திணறலைப் பார்த்த குழந்தைகள்தான் அதைக் கூடுதல் முறை அழுத்திப் பார்த்தன. பேச்சு சரியாக வராத வயதில்!

ஆகவே உங்கள் திணறலை அவனிடம் மறைக்காதீர்கள். ஒரு வேலை சரியாக வராதபோது, ‘இப்படி வரவில்லை, வேறு மாதிரி முயன்று பார்க்கிறேன்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அது அன்றைக்கே முடியவேண்டும் என்றுகூட இல்லை.

இன்னொன்று, உங்கள் கை. அவன் ஏதாவது ஒட்ட முயன்று கோணலாகப் போகும்போது, ‘கொடு, நான் செய்கிறேன்’ என்று வாங்கிவிடுகிறீர்களா? நம்மில் பலர் செய்வதுதான். நேரமில்லை, அன்பும் அதிகம். ஆனால் ‘உன்னால் ஆகாது’ என்றுதான் அது பிள்ளைக்குக் கேட்கும். கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் இருங்கள். கேட்டால் மட்டும் ஒரு துப்புக் கொடுங்கள்.

மூன்றையும் அவன் தொடரவேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். பிடிக்காததை விடுவது குற்றமல்ல. எதை விட்டதில் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம் இருக்கிறது என்று மெதுவாகக் கேளுங்கள்.

அது கீபோர்டாக இருந்தால், அவன் கற்ற இரண்டு மாதப் பாடத்தை உங்களுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள். உங்கள் விரல் நிச்சயம் இடறும். அவன் திருத்தட்டும். மறுநாளும் போய் அவன் பக்கத்தில் உட்காருங்கள்.