மீனுக்கு முந்தைய கல்

அன்புள்ள ஐயா,

போன ஜூனில் அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தோம். வயோமிங் மாநிலத்தில் கெம்மரர் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கல் குவாரிக்குக் குடும்பத்தோடு அழைத்துப் போனார். பணம் கட்டினால் சுத்தியலும் உளியும் கொடுக்கிறார்கள். பலகைக் கல்லின் ஓரத்தில் உளியை வைத்துத் தட்டினால் புத்தகம் மாதிரி இரண்டாகப் பிரிகிறது. உள்ளே மீன்! ஐந்தாவது படிக்கும் என் மகன் அன்று சாப்பிடக்கூட வரவில்லை. என் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு மீனைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தான்.

இப்போது சூரமங்கலத்தில் எங்கள் வீட்டு ஷோகேசில், மாமனாரின் வெள்ளைக்கல்லுக்குப் பக்கத்தில் அந்த மீன் இருக்கிறது. மாமனார் அந்த வெள்ளைக்கல்லை, அதாவது மேக்னசைட்டை, வெட்டும் சுரங்கத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். பழைய குவாரியில் தோண்டினால் நமக்கும் மீன் கிடைக்கும் என்று பையன் தினமும் கேட்கிறான். "மீனும் கிடையாது, நண்டும் கிடையாது" என்று தாத்தா சொன்னதில் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஏற்காடு போனபோது பெரணி இலை பதிந்த கல் ஒன்றை எடுத்து வந்து, "இதோ பாருங்க" என்கிறான். படம் அனுப்பியிருக்கிறேன். நம் பக்கம் உண்மையிலேயே எதுவும் கிடைக்காதா?

தங்கள் வாசகி,
சூரமங்கலம், சேலம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமனார் சொன்னது சரி. சேலத்து வெள்ளைக்கல்லில் மீன் கிடைக்காது, ஏற்காட்டுப் பாறையிலும் கிடைக்காது. பையனிடம் அதை மறைக்க வேண்டாம். ஆனால் "இல்லை" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ஏன் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். நான் ஏற்காட்டு அடிவாரத்தில் வளர்ந்தவன். அவன் வயதில், பாடப்புத்தகத்தில் புதைபடிவத்தின் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு கோடை விடுமுறை முழுக்கக் கல் உடைத்தேன். "நம்ம ஊர்ல அதெல்லாம் ஒண்ணும் கிடையாதுடா" என்றார்கள். சரி, நம்ம ஊர்க் கல்லுக்குச் சொல்ல எதுவும் இல்லை போல என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் பையனுக்கு அப்படி ஆகக் கூடாது.

முதலில் அவன் கொண்டுவந்த மீன். அளவையும் உடல் வாகையும் பார்த்தால் நைட்டியாவாக இருக்கும். நம் மத்தி மீனுக்குத் தூரத்து உறவு. அந்தக் குவாரிகளில் அதிகம் கிடைப்பதும் அதுதான்; வயோமிங் 1987-ல் அதைத் தன் மாநிலப் புதைபடிவமாகவே அறிவித்திருக்கிறது. சுமார் 5.2 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அங்கே ஒரு பெரிய ஏரி இருந்தது. அடித்தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. செத்து விழுந்த மீனைக் குதறித் தின்ன அங்கே உயிர்கள் இல்லை. மாவு போன்ற சுண்ணாம்புச் சேறு மெல்ல மெல்ல மேலே படிந்து மூடியது. அதனால்தான் முள் கலையாமல், துடுப்பு மடங்காமல் அப்படியே இருக்கிறது.

ஒரு லென்ஸை எடுத்து அந்தப் பலகையின் ஓரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வெளிறிய கோடு, கருத்த கோடு, மறுபடி வெளிறிய கோடு என்று முடியளவு மெல்லிய அடுக்குகள் தெரியும். வெளிறியது சுண்ணாம்பு, கருத்தது அழுகிய உயிர்ப்பொருள். உளி பட்டதும் கல் பிரிந்தது இந்த அடுக்குகளின் வழியாகத்தான். (பலகையைத் தண்ணீரில் கழுவ வேண்டாம். எலுமிச்சை, வினிகர் பக்கமே கொண்டுபோகக் கூடாது. மென்மையான பிரஷ் போதும்.)

இனி நம் மலை. சேர்வராயன் மலையின் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கொல்கத்தாவில் ஜோப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட், 1893-ல் அந்த மனிதரின் பெயரையே இந்தக் கல்லுக்கு வைத்தார். ஏற்காடு மலைப்பாதையில் புதிதாக உடைந்த பாறையைப் பார்த்திருப்பீர்கள். கருநீலமும் பச்சையும் கலந்து, எண்ணெய் தடவியது போல மின்னும். அந்தப் பாறை பூமிக்குள் இருபது கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெந்து இறுகியது. நடந்தது சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. உலகத்தில் முதல் மீன் வந்தே ஏறத்தாழ 50 கோடி ஆண்டுதான் ஆகிறது. அதாவது, முதல் மீன் நீந்தத் தொடங்கியபோது நம் ஏற்காட்டுப் பாறைக்கு வயது 200 கோடி! இதைப் பையனிடம் நீங்களே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எனக்கு இப்போதும் இதை எழுதும்போது சிலிர்க்கிறது.

தாத்தாவின் வெள்ளைக்கல் கதை வேறு. அந்த இடத்துக்கு வெள்ளைக்காரர்கள் 'சாக் ஹில்ஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். உண்மையான சாக் என்பது கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்களின் ஓடுகள் கோடிக்கணக்கில் சேர்ந்த கல். அதில் புதைபடிவம் தாராளமாகக் கிடைக்கும். நம்முடையதில் நிறம் மட்டும்தான் சாக். பூமியின் ஆழத்திலிருந்து வந்த மக்னீசியம் மிகுந்த பாறையின் வெடிப்புகளில், கரியமில வாயு கலந்த தண்ணீர் புகுந்து உண்டாக்கிய வெள்ளை நரம்புகள் அவை. ஏரியும் கடலும் இல்லாத இடத்தில் மீன் எப்படி வரும்? அந்தக் கல்லைச் சுட்டுத்தான் இரும்பு உருக்கும் உலைகளின் உள்சுவருக்குச் செங்கல் செய்கிறார்கள். அவ்வளவு வெப்பம் தாங்கும். முப்பது வருஷம் அதை வெட்டியெடுத்தவர் வீட்டிலேயே இருக்கும்போது நான் எதற்குச் சொல்ல வேண்டும்? அவரைச் சொல்லச் சொல்லுங்கள்.

இருவரையும் உட்கார வைக்க ஒரு வழி இருக்கிறது. கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சல் ஒன்று, வெள்ளைக்கல் சில்லு ஒன்று. இரண்டின் மீதும் சில சொட்டு வினிகர் விடட்டும். கிளிஞ்சல் பொங்கும், வெள்ளைக்கல் அநேகமாகச் சும்மா இருக்கும். கிளிஞ்சலும் அந்த மீன் கல்லும் கால்சியம் கார்பனேட், தாத்தாவின் கல் மக்னீசியம் கார்பனேட். குளிர்ந்த அமிலத்துக்கு அது எளிதில் மசியாது.

பெரணி இலை விஷயம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது இலை இல்லை. நடுநரம்பு இல்லை பாருங்கள், கிளைகள் வெடிப்பின் ஓரத்திலிருந்து கிளம்புகின்றன. மாங்கனீசு, இரும்பு கலந்த தண்ணீர் விரிசலுக்குள் கசிந்து படியும்போது இப்படிக் கிளை கிளையாகப் படரும். பெரியவர்களே ஏமாறுகிற விஷயம் இது. அதைக் கண்டெடுத்த கண் நல்ல கண் என்று அவனிடம் சொல்லுங்கள்.

குவாரிக்குள் மட்டும் அவனை விடாதீர்கள். கைவிட்ட குழிகளில் கரை செங்குத்தாக இருக்கும், மழைத்தண்ணீர் ஆழம் தெரியாமல் நிற்கும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

தோண்டாமலே பார்க்க ஓர் இடம் உண்டு. ஆத்தூர் வழியாகப் பெரம்பலூர் போய்விடுங்கள். அங்கிருந்து அரியலூர் வரைக்கும், டைனோசர்கள் வாழ்ந்த கிரிட்டேஷியஸ் காலத்துக் கடல் விட்டுப்போன நிலம். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. காரைக்குப் போனால் மழை அரித்த செம்மண் மேடுகள், கசக்கிப் போட்ட துணி மாதிரி. என் மகளை அங்கே கூட்டிப்போனபோது அவளுக்கு ஏழு வயது. குனிந்தபடியே நடந்தவள் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒன்றை நீட்டினாள். சுறாமீனின் பல். இன்னும் கூராக இருந்தது. படம் எடுத்துக்கொண்டு, அது கிடந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தோம். அவள் அழுதாள். இருந்தாலும் வைத்துவிட்டுத்தான் வந்தோம். எங்கே, எந்த அடுக்கில் கிடந்தது என்ற தகவல் போய்விட்டால் ஆராய்பவர்களுக்கு அதில் பாதி போய்விடும். கெம்மரர் பக்கத்திலேயே 1972-ல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்துப் பாதுகாக்கும் ஒரு புதைபடிவ இடம் இருக்கிறது, அங்கே ஒரு சில்லைக்கூட எடுக்க முடியாது. அண்ணனிடம் கேட்டால் சொல்வார்.

அப்புறம் வாரணவாசி அருங்காட்சியகம். அங்கே சுருள் சுருளாக அம்மோனைட்டுகளை, அதாவது முன்பு கடலில் வாழ்ந்து அழிந்துபோன ஓட்டு உயிர்களின் புதைபடிவங்களைப் பார்க்கலாம். உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ பூஜையறையில் சாளக்கிராமம் இருந்தால் புறப்படும் முன் பையனுக்குக் காட்டுங்கள். கண்டகி நதியில் கிடைக்கும் அந்தக் கல்லுக்குள் இருப்பதும் அம்மோனைட்டின் சுருள்தான்.

ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து தை மாதத்தில் போனால் நல்லது. மண் புதிதாக அரித்திருக்கும், வெயிலும் தாங்கும். தொப்பி, தண்ணீர், லென்ஸ். தாத்தாவால் நடக்க முடியுமென்றால் அவரையும் கூட்டிப்போங்கள். கல் உடையும் விதத்தைப் பார்த்தே அதன் வகையைச் சொல்கிற ஆள் பக்கத்தில் இருந்தால் பையன் என்னென்ன கேட்பான் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது. போய் வந்து எழுதுங்கள்.